நடுவட்டத்துக் குழி

இந்த ஆண்டின் முதல் ஃபுட்டி ஆட்டத்தைப் பார்க்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தபோது, கை தன்பாட்டில் ஒலியைக் கூட்டியது. முப்பத்தேழு வருடப் பழக்கம். நடுவர் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். சைரன் ஊதியது. அவர் பந்தை மேலே எறிந்துவிட்டுப் பின்வாங்கினார். இரண்டு நெடியவர்கள் எழும்பினார்கள், ஒருவரின் கை முந்தியது, ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் காத்திருந்த சத்தம் வரவில்லை.

அது பந்து மண்ணில் அறையும் சத்தம். மெல்பேர்ணில் அதைப் பவுன்ஸ் என்பார்கள். நூறாண்டுக்கும் மேலாக அவுஸ்திரேலியக் கால்பந்தின் ஒவ்வொரு கால்பகுதியும் அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டம் அப்படித்தான் மறுபடி உயிர்பெற்றது. நடுவர் பந்தை நெட்டுக்குத்தாகப் பிடித்து, முழங்காலை மடக்கி, அதன் கூர்முனையை நிலத்தில் ஓங்கி அறைவார். அவர் குனியத் தொடங்கும்போதே சனத்தின் தொண்டைக்குள் ஓர் இரைச்சல் கிளம்பும். பந்து மண்ணைத் தொடும் கணத்தில் அது முழக்கமாகிவிடும். பந்து நேரே எழுந்தால் எழும்பிப் பாயும் இரண்டு நெடியவர்களுக்கும் சம வாய்ப்பு. கொஞ்சம் சாய்ந்து எழுந்தால் கணக்கெல்லாம் குழம்பிவிடும். பின்னால் நின்ற சின்ன ஆள் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு வந்து அள்ளிக்கொண்டு ஓடுவான். மெத்தக் கோணிப்போனால் நடுவர் ஊதி நிறுத்தி, பந்தை வாங்கி மேலே எறிவார். அந்தத் திருத்தமும் விதிக்குள்ளேயே இருந்தது.

2026 பருவத்திலிருந்து பவுன்ஸ் இல்லை என்று இந்த விளையாட்டை நடத்தும் ஏ.எஃப்.எல். 2025 இல் அறிவித்தது. மைதானத்தின் மற்ற இடங்களில் 2013 ஆம் ஆண்டே அதை நிறுத்தியிருந்தார்கள். நடுவட்டம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

என் மகன் இதற்கான நியாயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். அவன் இங்கே பிறந்தவன், இந்த விளையாட்டை ஆடி வளர்ந்தவன். "அப்பா, ஆட்டத்தை நல்லா நடத்தத் தெரிஞ்ச ஒருத்தர், பவுன்ஸ் நேரா வராதெண்ட ஒண்டுக்காக மேல வராமப் போறது சரியோ? ஆயிரம் தரம் குத்திப் பழகிப் பழகி முதுகு போன நடுவர்மார் இருக்கினம்." சரியில்லைத்தான் என்றேன். அவன் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வரப் பிந்திவிட்டது.

1988 இல் நான் மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தேன். டண்டினோங்கில் ஒரு வாடகை வீட்டில் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு வானொலியிலிருந்து மூச்சு விடாமல் ஒருவர் கத்துவது கேட்கும். தொலைக்காட்சியில் முதன்முதலில் அதைப் பார்த்தபோது என்னோடு இருந்தவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "உது என்னண்ணை விளையாட்டு? கால்பந்து எண்டு சொல்லிப்போட்டுக் கையாலயெல்லோ பிடிக்கிறாங்கள்?" பந்தும் உருண்டையாக இல்லை, பழுத்த பப்பாசிப் பழம்போல இருந்தது. நாலு கம்பங்கள் நட்டிருந்தன. நடுவில் இருக்கும் இரண்டு கம்பங்களுக்கு ஊடாக உதைத்தால் ஆறு புள்ளி; அதைத் தவறவிட்டு ஓரக்கம்பத்துக்குள் போனாலும் ஒரு புள்ளி. தவறியதற்கும் புள்ளி கொடுக்கும் ஒரு விளையாட்டை நாங்கள் அதுவரை கண்டதில்லை.

எனக்கு அதைப் பார்க்கக் கற்றுத்தந்தவர் என்னோடு இயந்திரத்தில் நின்ற ஒரு வயதான அவுஸ்திரேலியர். ஹாதோர்ன் அணியின் ஆள். 1989 குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு பிரின்ஸஸ் பார்க்குக்குக் கூட்டிப்போனார். அப்போது ஹாதோர்ன் தன் ஆட்டங்களைக் கார்ல்ட்டனின் அந்த மைதானத்தில்தான் ஆடிவந்தது. பிற்பகல் இரண்டு மணி பத்துக்கு ஆட்டம். நாங்கள் நின்றபடி பார்த்தோம். எனக்கு முன்னால் நின்றவரின் கம்பளிக் கோட்டில் மழை மணத்தது.

நான் பந்து போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தட்டி, பந்தைப் பார்க்காதே என்றார். மைதானத்தின் கோடியில், கோல் கம்பங்களுக்கு முன்னால் தனியாக நின்ற இருவரைக் காட்டினார். ஒருவர் ஜேசன் டன்ஸ்டல், மற்றவர் அவரைக் காக்க வந்தவர். பந்து இன்னும் நூறு மீற்றருக்கு அப்பால் எங்கேயோ சேற்றில் கிடந்தது. இங்கே இவர் ஒரு காலடி இடப்பக்கம் வைப்பார், அவரும் வைப்பார். இவர் முழங்கையால் லேசாக இடிப்பார், அவர் அசையமாட்டார். திடீரென்று டன்ஸ்டல் பந்து வரும் திசைக்குப் பாய்ந்தார். அதற்குப் பிறகுதான் பந்து உதைக்கப்பட்டதைக் கண்டேன். அவர் முன்னால் முப்பது மீற்றர் வெறும் புல். நெஞ்சுக்கு நேரே பிடித்தார். அந்த ஆண்டு அவர் அடித்த கோல்கள் 138.

அந்த வெறும் புல்லுக்காகத்தான் நான் இத்தனை காலம் ஏங்குகிறேன்.

பத்திரிகையில் அணி விபரத்தை வரிசைக்கு மூவராக அச்சிடுவார்கள். ஐந்து வரிசைக்குப் பதினைந்து பேர். மைதானம் முழுக்க அலைந்து திரியும் மூவரைச் சேர்த்தால் பதினெட்டு. ஒவ்வொருவருக்கும் எதிரே ஒருவர். நான் அந்தப் பட்டியலைப் பார்த்தே இங்கிலீஷ் பெயர்களை வாசிக்கப் பழகினேன். எங்கள் ஊர்க் கிளித்தட்டை அது ஞாபகப்படுத்தியது. கோட்டில் நிற்பவன் தன் கோட்டை விட்டு இறங்கமாட்டான், கிளிக்கு மட்டும் நடுக்கோட்டில் ஓடும் உரிமை. ஒரு வித்தியாசம் இருந்தது. இந்தப் பதினைந்து பேரைத் தங்கள் இடத்தில் நிறுத்திவைக்க எந்தக் கோடும் இருக்கவில்லை. வழக்கம்தான் நிறுத்திவைத்தது.

வழக்கத்தைப் பயிற்றுநர்கள் உடைத்தார்கள். 2000 ஆம் ஆண்டு எசென்டன் அணியை யாராலும் அசைக்க முடியவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அது ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது. தோற்கடித்தது டெரி வாலஸ் பயிற்றுவித்த வெஸ்டர்ன் புல்டோக்ஸ். வாலஸ் தன் ஆட்களையெல்லாம் பின்னால் அனுப்பி எசென்டன் கோல் அடிக்கவேண்டிய பக்கத்தை நிரப்பிவிட்டார். இதற்கு வெள்ளம் என்றே பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். ஒரு முறை வரம்பு உடைந்த பிறகு நீர் எல்லா வயலுக்குள்ளும் போயிற்று. வெள்ளத்தைத் தடுக்க எதிரணியும் பின்னாலேயே வந்தது. கடைசியில் முப்பத்தாறு பேரும் மைதானத்தின் ஒரு பாதிக்குள் நெரிபட்டார்கள். 2008 இல் லான்ஸ் ஃபிராங்க்ளின் ஒரே பருவத்தில் 113 கோல் அடித்தார். நூறாவது கோல் விழுந்ததும் சனம் வேலி தாண்டி மைதானத்துக்குள் ஓடியது. அதற்குப் பிறகு 2025 முடியும்வரை ஒருவரும் ஒரு பருவத்தில் நூறைத் தொடவில்லை.

இந்த நெரிசலைக் கலைக்கத்தான் விதிக்கு மேல் விதி வந்தது. 2019 இல், நடுவட்டத்தில் பந்து எழும்போது இரு அணியும் முன்னால் ஆறு, நடுவில் ஆறு, பின்னால் ஆறு என்று நிற்க வேண்டும் என்றார்கள். என் கிளித்தட்டுக் கோடுகள் வந்துவிட்டன என்று அன்று சந்தோஷப்பட்டேன். அரை நிமிடம்தான். பந்து கைமாறியதும் எல்லோரும் பழையபடி ஒரு பக்கம் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு கோல்கள் கூடவில்லை, முந்தைய ஆண்டைவிடக் குறைந்தன. 2021 இல் இன்னொன்று: ஒருவர் பந்தைப் பிடித்து உதைக்க நிற்கும்போது, அவர் முன்னால் குறியில் நிற்கும் எதிரணிக்காரர் பக்கவாட்டில் அசையக்கூடாது. அசைந்தால் ஐம்பது மீற்றர் தண்டனை. இப்போது ஆட்டம் பார்த்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நடுவர் "ஸ்டாண்ட்!" என்று கத்துவது ஒலிவாங்கியில் கேட்கிறது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் கையை ஆட்டி, துள்ளி, உதைப்பவரின் கண்ணைக் குழப்பிய ஆளைக் கல்லாகச் சமைத்துவிட்டார்கள். இந்த ஆண்டு இன்னொன்றும் வந்திருக்கிறது: இரண்டு கோல்களுக்கும் முன்னால் வரைந்த ஐம்பது மீற்றர் வளைவுகளுக்கு இடைப்பட்ட பகுதியில், உதைத்தோ கையால் குத்தியோ பந்தைக் கடைசியாக வெளியே போக்கிய அணிக்கு எதிராக ஃப்ரீ கிக். தெற்கு அவுஸ்திரேலியாவில் இந்த முறை 2016 முதல் இருக்கிறது. ஆட்டம் வேகமாகிறது, உண்மை. ஆனால் எல்லைக்கோட்டு நடுவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலால் பந்தைப் பின்பக்கம் வீசும் அந்த அழகான காட்சி குறைந்துவிட்டது.

பழைய விதிமாற்றங்களில் நல்லவை இருந்தன. 1969 இல், தரையில் படாமல் பந்தை நேரே கோட்டுக்கு வெளியே உதைத்தால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்று கொண்டுவந்தார்கள். பந்து மைதானத்துக்குள் தங்கியது, கோல்கள் பெருகின. 1971 இல் பீட்டர் ஹட்சன் 150 கோல் அடித்து, பொப் பிராட் 1934 இல் வைத்த சாதனையைத் தொட்டார். நடுவில் கும்பல் சேர்வதைத் தடுக்க 1973 இல் ஒரு வைர வடிவத்தையும் 1975 இல் அதற்குப் பதிலாகச் சதுரத்தையும் வரைந்தார்கள். பந்து எழும்போது அதற்குள் அணிக்கு நால்வர்தான். அரை நூற்றாண்டாக அந்தச் சதுரம் நிற்கிறது. இவை இரண்டும் ஆட்டக்காரனுக்கு இடத்தைக் கொடுத்த விதிகள். அந்த இடத்தில் அவன் என்ன செய்யவேண்டும் என்று அவை சொல்லவில்லை. பிந்திய விதிகளில் பல அவன் காலைப் பிடித்து இங்கே நில், அங்கே வை என்கின்றன. எனக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிதாகத் தெரிகிறது.

நெரிசலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 1978 க்கு முன்னர் வெளியே போனவர் திரும்பி வர முடியாது. அந்த ஆண்டுதான் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கும் முறை வந்தது. தொடக்கத்தில் இருவர், 1994 இல் மூவர், 1998 இல் நால்வர். மாற்று ஆட்கள் கூடக் கூடக் களைத்த கால் என்பதே இல்லாமல் போயிற்று. களைக்காதவன்தான் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடிவந்து கும்பலில் சேர முடியும். ரிச்மண்டுக்காக 403 ஆட்டங்கள் ஆடிய கெவின் பார்ட்லெட் விதிக்குழுவில் இருந்த காலத்தில் இதைக் குறைக்கச் சொல்லி வாதாடியவர். 2014 இல் மாற்றங்களுக்கு 120 என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2016 இல் 90, 2021 இல் 75. சரியான திசை. இந்த ஆண்டோ வாங்கில் உட்காரும் மாற்று ஆட்கள் ஐவர். தொழிற்சாலையில் எட்டாவது மணித்தியாலத்தில் கை எப்படி மந்தமாகும் என்று எனக்குத் தெரியும். டன்ஸ்டலுக்கு எதிரே நின்றவருக்கும் கடைசிக் கால்பகுதியில் கால் அப்படித்தான் கனத்திருக்கும். அங்கேதான் வெறும் புல் பிறந்தது. விதியால் ஆட்டத்தை அழகாக்க முடியுமா என்று யாராவது என்னைக் கேட்டால், முடியும், அந்த 75 ஐ இன்னும் பாதியாக்குங்கள் என்பேன்.

ஆனால் கோல் எண்ணிக்கையைக் கூட்டினால் சுவை கூடிவிடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.

1989 செப்டம்பர் 30, கிராண்ட் ஃபைனல். ஐந்து பேரும் சோற்றுக் கோப்பையோடு தொலைக்காட்சிக்கு முன்னால். பவுன்ஸ் ஆன அதே கணத்தில் ஜீலோங்கின் மார்க் யேட்ஸ் ஓடிவந்து ஹாதோர்னின் டெர்மொட் பிரெரெட்டன் மேல் மோதினார். விலா முறிந்து, மைதானத்திலேயே வாந்தி எடுத்த மனிதர் வெளியே போக மறுத்தார். கொஞ்ச நேரத்தில் பந்தைப் பிடித்துக் கோல் அடித்தார். மறுபக்கம் கேரி ஏப்லெட் ஒருவரே ஒன்பது கோல். கடைசிக் கால்பகுதியில் ஜீலோங் துரத்தித் துரத்தி வந்தது. எங்கள் கோப்பைகளில் சோறு ஆறிப்போயிற்று. சைரன் ஊதியபோது ஹாதோர்ன் 144, ஜீலோங் 138. இரண்டு அணியும் அடித்த கோல்கள் சமம், அணிக்கு 21. தவறிப்போய்க் கிடைத்த ஒற்றைப் புள்ளிகள்தான் வெற்றியைத் தீர்மானித்தன, 18 க்கு 12. அந்த ஒற்றைப் புள்ளி ஏன் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

2005 கிராண்ட் ஃபைனலில் இரண்டு அணியும் சேர்ந்து அடித்தது 15 கோல்தான். அந்தப் பருவத்தில் ஏ.எஃப்.எல். தலைமை நிர்வாகி அன்ட்ரூ டிமெட்ரியு, சிட்னி அணியின் ஆட்டம் பார்க்க அழகில்லை என்று பகிரங்கமாகக் குறை சொல்லியிருந்தார். அதே சிட்னி, வெஸ்ட் கோஸ்டை 58 க்கு 54 என்று வென்றது. கடைசி நொடிகளில் உயரப் பந்து ஒன்று கூட்டத்தின் மேல் வந்தது. அத்தனை கைகளுக்கும் மேலே லியோ பரி பக்கவாட்டாகப் பறந்து அதைப் பிடித்தார். 72 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கழகத்துக்குக் கிண்ணம். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றதை என் மனைவி இன்றும் சொல்லுவாள். 42 கோல் விழுந்த ஆட்டத்திலும் 15 கோல் விழுந்த ஆட்டத்திலும் என் நெஞ்சு ஒரேமாதிரித்தான் அடித்தது. பந்து அடுத்த நொடி எங்கே போகும் என்று மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாதிருந்தது. நான் காசு கொடுத்துப் போனதும் குளிரில் நின்றதும் அதற்காகத்தான். பவுன்ஸ் என்பது அதன் முதல் எழுத்து.

மகனுக்கு ஆறு வயதானபோது அவனையும் பிரின்ஸஸ் பார்க்குக்குக் கூட்டிப்போனேன். பழைய தொழிற்சாலை நண்பரும் வந்தார். அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அன்றைக்கு ஆடியது கார்ல்ட்டன். ஹாதோர்ன் வேவர்லிக்குப் போய்விட்டது. ஆட்டம் முடிந்து சைரன் ஊதியதும் வேலி தாண்டிச் சனம் மைதானத்துக்குள் இறங்கியது. அப்பன்மாரும் பிள்ளைகளும் எதிரெதிரே நின்று பந்தை உதைத்து விளையாடுவது அந்த நாளைய வழக்கம். இப்போது அதற்குக் குறிப்பிட்ட சில ஆட்டங்களில்தான் அனுமதி. நண்பர் மகனின் கையைப் பிடித்து நேரே நடுவட்டத்துக்குப் போனார். குனிந்து காட்டினார். சேற்றில் உள்ளங்கை அளவில் குழிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. முப்பது கோல் விழுந்த ஆட்டமென்றால் முப்பது தடவைக்கு மேல் அதே இடத்தில் பந்து அறைந்திருக்கும். மகன் தன் சின்னப் பந்தின் முனையை ஒரு குழிக்குள் வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. பிறகு இரண்டு கையாலும் தூக்கி ஓங்கி அறைந்தான். பந்து எழும்பி அவன் மூக்கிலேயே இடித்தது. அழப்போகிறான் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டு மறுபடி அறைந்தான். இருட்டும்வரை அவனை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

நண்பர் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. பிரின்ஸஸ் பார்க்கில் ஏ.எஃப்.எல். பருவ ஆட்டம் கடைசியாக நடந்தது 2005 இல். கோலிங்வூட்டின் விக்டோரியா பார்க், எசென்டனின் வின்டி ஹில், ஃபுட்ஸ்க்ரேயின் வெஸ்டர்ன் ஓவல் என்று பேட்டைக்கு ஒன்றாக இருந்த மைதானங்கள் எல்லாம் பெரிய ஆட்டத்தை இழந்து வெகு காலம். வேவர்லி பார்க்கைச் சுற்றி இப்போது வீடுகள். இவற்றையெல்லாம் காலம் கொண்டுபோயிற்று என்று ஆறிக்கொள்ள முடிகிறது. பவுன்ஸை அப்படிச் சொல்லி ஆற மனம் வரவில்லை. அதை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, யோசித்து, நிறுத்தியிருக்கிறார்கள்.

நிறுத்தியவர்களால் திரும்பக் கொண்டுவரவும் முடியும். எல்லா ஆட்டத்துக்கும் வேண்டாம். நடுவர்களின் முதுகு பெரிது, மகன் சொன்னது சரி. செப்டம்பர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, எம்.சி.ஜி.யில், கிராண்ட் ஃபைனலின் முதல் பந்துக்கு மட்டும் ஒரு பவுன்ஸ் தாருங்கள். கோணிப்போனால் ஊதி நிறுத்தி மேலே எறியட்டும். அதற்கு விதிப்புத்தகத்தில் ஒரு வரி போதும்.